மழை பெய்யாத பத்து நாட்கள்

நம் தேயிலைத் தோட்டத்து மழையைப் பதினொரு வருஷம் அளந்த என் சன்னாசி அண்ணனுக்கு,

நீ காய்ச்சலில் படுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாள் நம் தோட்டத்தில் ஒரு சொட்டு மழை விழவில்லையாம். நான் சொல்லவில்லை, மழைக் கணக்குப் புத்தகம் சொல்கிறது. ஜூலை மாதத்தில், தென்மேற்குக் காற்று மலையைப் போட்டு அறைந்துகொண்டிருந்த நேரத்தில், பத்து நாளும் பூச்சியம். அதைப் பார்த்த அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. யாரிடம் கத்துவது என்று தெரியாமல் உன்னிடம் கத்துகிறேன். ஊரும் கேட்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அந்தக் கணக்கை எழுதிய கிளாக்கர் ஐயாவும் படிப்பார். படிக்கட்டும்.

முதலில் என் சேதி. நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். பாடம் புவியியல், நம் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் என்பார்களே, அதுதான். அதிலும் நான் எடுத்தது மலை, ஆறு, காற்று, மழை. லீவுக்குப் போனால் அம்மா இன்னமும் கேட்கிறது: "மழ பேயுறதப் படிக்கவாடி ஹட்டன்ல ரயிலேறிப் போற? இங்கன வாசல்ல ஒக்காந்தாத் தெரியாதா?" உனக்காவது நான் படிப்பது புரிந்திருக்கும். நீயும் அந்த வேலைதானே செய்தாய்?

கால் ஒடிந்தபிறகு மலையில் உன்னால் நிற்க முடியாது என்று ஆபீஸில் போட்டார்கள். தபால் பை தூக்குவது, கூட்டிப் பெருக்குவது, அதோடு மழை அளப்பது. ஆபீஸ் முன்னால் புல்தரையில் வேலிக்குள் ஒரு செம்புப் புனல், அதன் அடியில் போத்தல். காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டு கலைந்ததும், போத்தல் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்ப்பாய். அங்குலத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பாயிண்டு. அரை அங்குலத்துக்கு மேல் குவளை கொள்ளாது, ஜூலை மழைக்கு ஐந்தாறு தரம் ஊற்றி ஊற்றிக் கூட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் பேச்சுக் கொடுத்தால் போச்சு. "அடி கழுத, எண்ணிக்கிட்டிருக்கேன்ல!" என்று எத்தனை தரம் விரட்டியிருப்பாய்? ஞாயிற்றுக்கிழமையும் போனாய். தீபாவளிக்குத் தலையில் எண்ணெயோடு போனாய்.

நாய்க் கதை ஞாபகம் இருக்கிறதா? நீ எங்களை விட்டுப் போன வருஷம், பெப்ரவரி மாதம், வானத்தில் மேகம் என்று ஒரு துண்டு இல்லை. தோட்டத்துத் துரையின் நாய் வேலிக்குள் புகுந்து புனல்மேல் காலைத் தூக்கிவிட்டது. நீ கிளாக்கர் ஐயாவிடம் போய், "ஐயா, போத்தல்ல ரெண்டு பாயிண்டு இருக்குங்க. ஆனா அது மழ இல்லீங்க, நாயிங்க" என்றாய். அவர் தலையை நிமிர்த்தாமலே எழுதிக்கொண்டார். நம் லயத்து வீடுகளில் ஒரு மாசம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒன்றை ஆராய்ந்து கட்டுரை கொடுக்க வேண்டும். முதல் வகுப்பு கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது. என் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவர் எனக்குக் கொடுத்தது நீ எங்களை விட்டுப் போன அந்த வருஷத்து மழை. அந்த வருஷம் காற்று பலமாம், படிக்க நல்ல வருஷமாம். சரி என்று வாங்கிக்கொண்டேன். கினிகத்தேனையிலிருந்து பொகவந்தலாவை வரை தோட்டம் தோட்டமாக ஜூலை மாதத்து மொத்த மழையை எடுத்து, ஒரே அளவு பெய்த இடங்களைக் கோட்டால் இணைத்துப் படம் போட்டேன். படத்தில் நம் தோட்டத்தில் மட்டும் ஓர் ஓட்டை. சுற்றிலும் கொட்டித் தீர்த்திருக்கிறது, நமக்கு மட்டும் யாரோ குடை பிடித்த மாதிரி.

அந்த ஜூலையில் நான் நனைந்த நனைப்பு எனக்குத் தெரியாதா? ஆனால் அண்ணே, படித்த புத்தி தன் தலை நனைந்ததை நம்பாது, அச்சில் வந்ததை நம்பும். மூன்று நாள் நூலகத்தில் குந்தியிருந்து யோசித்தேன். கோயில் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைமுகடு காற்றை மறிக்கிறது, அதனால் நம் தோட்டம் மழை மறைவில் கிடக்கிறது என்று ஒரு விளக்கம் கட்டினேன். அம்புக்குறி போட்டுப் படமும் வரைந்தேன். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "இது புதுசு, பிள்ளை. இப்பிடி ஒருத்தரும் எழுதேல்லை. உமக்கு முதல் வகுப்பு கிடைக்கும் போலை கிடக்கு" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

விளக்கத்துக்குப் பலம் சேர்க்க நாள்வாரியாகப் பார்த்து வரச் சொன்னார். கொழும்பு வானிலை ஆபீஸுக்குப் போய், தோட்டங்கள் மாதாமாதம் அனுப்பிய பழைய தாள்களைப் புரட்டினேன். நம் தோட்டத்துத் தாளில் கிளாக்கர் ஐயாவின் சாய்ந்த எழுத்து. முதலில் பெப்ரவரி வந்தது. இரண்டு பாயிண்டு! நாய் பெய்தது அப்படியே இருக்கிறது! அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் முறைத்தார். அந்தச் சிரிப்போடுதான் ஜூலைத் தாளை எடுத்தேன். மாத ஆரம்பத்தில் ஒன்றரை, இரண்டு, மூன்று அங்குலம் என்று போகிறது. நடுவில் பத்துப் பூச்சியம். பிறகு ஒரு திங்கட்கிழமையிலிருந்து மறுபடி மூன்று, இரண்டரை.

விரல் விட்டு எண்ணினேன். முதல் பூச்சியம் நீ படுத்த வெள்ளிக்கிழமை. ஐந்தாவது பூச்சியம் நீ செத்த செவ்வாய்க்கிழமை. கடைசிப் பூச்சியத்துக்கு மறுநாள்தான் ஆபீஸில் புது ஆள் போட்டார்கள். எந்த மலைமுகடும் எதையும் மறிக்கவில்லை, அண்ணே. நீ இல்லாமல் போனதற்குத்தான் நான் அம்புக்குறி போட்டு விளக்கம் எழுதியிருக்கிறேன். வெட்கத்தில் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

மழை இல்லையாம்! புதன்கிழமை உன்னை எடுத்தபோது தப்பு மேளத்துத் தோல் நனைந்து சத்தமே வரவில்லை. அடுப்பு நெருப்பில் காட்டிக் காட்டி அடித்துப் பார்த்தார்கள், தொப்புத் தொப்பென்றது. தூக்கினவர்கள் இரண்டு தரம் வழுக்கினார்கள். அம்மா கொழுந்து எடுக்கப் போர்த்திப் போகிற கம்பளியை உன்மேல் போட்டுவிட்டு, "எம்புள்ள நனையிறானே, எம்புள்ள நனையிறானே" என்று லயத்து முனை வரைக்கும் கூடவே ஓடியது.

விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் சொல்லுறதை நான் நம்புறன், பிள்ளை. ஆனா பரீட்சகருக்கு ஆதாரம் வேணுமே?"

"பக்கத்துத் தோட்டத்துல அந்தப் பத்து நாளும் கொட்டியிருக்கே, சேர்?"

"அது பக்கத்துத் தோட்டம். அங்கை பெய்து உங்கட தோட்டத்திலை பெய்யேல்லை எண்டுதானே மலைமுகடு விளக்கம் எழுதினீர்?"

என் விளக்கத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டார். அந்த நாட்களில் அளக்கவில்லை என்று தோட்டத்தில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார், கிடைக்காவிட்டால் புத்தகத்தில் உள்ளபடி விடச் சொன்னார். ஆதாரம் என்ற சொல் என் காதிலேயே நின்றது. நீ இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போன விசாரணையிலும் அதே சொல்தானே? நீ இங்கேயே பிறந்தவன் என்று நாலு பேர் வந்து சாட்சி சொன்னார்கள். கால் ஒடிந்து வேலைக்குப் போகாமல் கிடந்த எட்டு மாசம் எந்தப் புத்தகத்திலும் உன் பேர் இல்லை, ஆகவே நீ இங்கே இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, "எட்டு மாசம் எங்க இருந்தேன்னு எனக்கே சந்தேகமா இருக்குடி, பவளம். கூரையப் பாத்துக்கிட்டுக் கெடந்தது யாரு?" என்று கேட்டுச் சிரித்தாய். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

கடிதம் கேட்டுத் தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா இப்போது என்னை நாற்காலியில் உட்காரச் சொல்கிறார், தெரியுமா? விஷயத்தைச் சொன்னதும்தான் முகம் மாறியது. "வெறுங்கட்டம் விட்டா தொர ஏன்னு கேப்பாரு. பூச்சியம் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. அளக்க ஆளு இல்ல, நான் என்னம்மா பண்றது?"

"பத்து நாளு மழையில போத்தல் நெறஞ்சு வழிஞ்சிருக்குமே, ஐயா?"

"வழிஞ்சுது. புல்லுல ஊத்திட்டுப் புதுசா ஆரம்பின்னு புது ஆளுகிட்டச் சொன்னேன்."

"அத அப்பிடியே எழுதிக் குடுங்க. போதும்."

"பொய் எழுதுனேன்னு நானே கையெழுத்துப் போடவா? அடுத்த வருஷம் வேலைய விட்டுப் போறவன் நான். நல்லா இருக்கும்மா ஒன் நியாயம்!" என்றவர், அதற்குமேல் தேத்தண்ணி குடிக்கிறாயா என்று வேறு கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்தேன். வெளியே அதே செம்புப் புனல் பளபளவென்று நிற்கிறது. ஓர் உதை விடலாமா என்று இருந்தது. நீ திட்டுவாய் என்று விட்டுவிட்டேன்.

லயத்தில் பெரியகருப்பன் மாமா அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். உன் குழியை வெட்டியவர் அவர்தான். நான் பொரிந்து தள்ளியதைக் கேட்டதும் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "மழ இல்லேன்னு எந்தப் பய சொன்னான்? செவ்வாக்கெழம பொழுதோட வெட்டித் தகரத்தப் போட்டு மூடிட்டு வந்தோம். புதங்கெழம காலையில போய்ப் பாத்தா முழங்காத் தண்ணி. நாலு பேரு வாளி போட்டு எறச்சோம். எறைக்க எறைக்க ஏறுது!"

எனக்குள் இருக்கும் படிப்பு உடனே மறுத்தது: சரிவிலிருந்து ஓடிவந்த தண்ணீரும் அதில் சேர்ந்திருக்கும், குழியை வைத்து மழையை அளக்க முடியாது, எத்தனை அங்குலம் என்று சொல்ல முடியாது. முடியாதுதான். ஆனால் எத்தனை அங்குலம் என்று யார் கேட்டார்கள்? பூச்சியம் இல்லை என்றால் போதுமே! இறைத்த நாலு பேரையும் தேடிப் பிடித்து, அந்தப் பத்து நாளைப் பற்றி அவர்கள் சொன்னதை எழுதி, படித்துக் காட்டிப் பெருவிரல் ரேகை வாங்கினேன். மாமா மட்டும் விரலை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். "இத வச்சு நம்மள இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களாடி?" என்றார். "இல்ல மாமா, இது மழ பேஞ்சதுக்கு" என்றபிறகுதான் வைத்தார்.

ரேகைகளை விரிவுரையாளர் நெடுநேரம் பார்த்தார். "இப்பிடி ஒண்டை இதுவரைக்கும் ஒருத்தரும் கட்டுரையோடை சேர்த்துத் தரேல்லை. பரீட்சகர் என்ன சொல்லுவாரோ தெரியாது. அந்த விளக்கத்தை எடுத்தா உம்மட கட்டுரையிலை என்ன மிஞ்சும்? யோசியும், பிள்ளை."

யோசித்தேன். பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. நாலு மாச வேலையில் நல்லது என்று இருந்ததே அந்த விளக்கம்தான். அம்புக்குறிப் படத்தைக் கிழித்துப் போட்டேன். முதல் வகுப்பும் அதோடு போயிருக்கும். லயத்திலிருந்து ஒருத்தி இவ்வளவு தூரம் வந்து, யாரோ சோம்பலில் போட்ட பூச்சியத்துக்காகக் கையில் கிடைத்ததை விட வேண்டுமா? உன்மேலும் கோபம் வருகிறது, அண்ணே. பக்கத்திலேயே நின்றேனே, ஒரு நாளாவது அந்தக் குவளையை என் கையில் கொடுத்தாயா? கொடுத்திருந்தால் அந்தப் பத்து நாளும் நானே போய் அளந்திருப்பேனே? கொடுக்காவிட்டால்தான் என்ன, போத்தல் வழிகிறதா என்று எட்டிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

கட்டுரையை நாளைக்குக் கொடுக்கிறேன். ஜூலை அட்டவணையில் அந்தப் பத்துக் கட்டத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது, உனக்குத் தமிழில் சொல்கிறேன்: "இந்த நாட்களில் மழை பெய்தது. அளவு தெரியாது. பதினொரு வருஷம் அளந்த சன்னாசி நோயில் விழுந்து இறந்தார். அவருக்குப் பதிலாக ஒருவரும் அளக்கவில்லை." நீ இருந்ததற்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் இல்லை என்றார்களே. இதில் உன் பேர் இருக்கிறது.

பரீட்சகர் எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டேன். சத்தியமாக எடுக்க மாட்டேன், அண்ணே. எந்த வகுப்பு கொடுத்தாலும் கொடுக்கட்டும்.

அன்றைக்கு உன்னோடு நனைந்த தங்கச்சி,
பவளம்