சங்கிலிச் சத்தம்

மார்ச் 3

அன்புத் தம்பி ஸ்பேனருக்கு,

அக்கா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். போன்ல கேட்டா "ம், ம்"னு கொட்டிட்டு வெச்சிடுவ, மிச்சம் பட்டறைச் சத்தத்துல போயிடும். அதான் லெட்டர். நீயும் லெட்டர்லயே பதில் போடு. உட்கார்ந்து எழுதினாதான் உனக்கு மூளை வேலை செய்யும்.

கார் வாங்கப் போறேன். பிசியோதெரபிக்கு வீடு வீடாப் போறப்ப மடக்குக் கட்டிலை பஸ்ல ஏத்தி இறக்கி, இப்ப எனக்கே பிசியோதெரபி தேவைப்படுது. பின்பக்கம் நீளமா இருக்கிற பழைய எஸ்டேட் கார் ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். ஒரே மாடல், ரெண்டும் டீசல். ஒண்ணு சின்ன இன்ஜின், 1.6. இன்னொண்ணு பெரிசு, 2.0. வாரநாள்ல ஊருக்குள்ளயே சுத்துவேன். சனிக்கிழமை மட்டும் குட்டியை நீச்சல் பயிற்சிக்கு நெடுஞ்சாலையில ஒரு மணி நேரம் கூட்டிட்டுப் போகணும். எதை எடுக்க? உன் மாமாவைக் கேட்டேன், நீலம் நல்லா இருக்குங்கிறார்.

உன் அக்கா

மார்ச் 8

என் அருமை அக்காவுக்கு,

மாமாவை வண்டி பார்க்கக் கூட்டிட்டுப் போகாத. துணிக்கடைக்குக் கூட்டிட்டுப் போ.

ஊருக்குள்ள மட்டும் ஓட்டுறதா இருந்தா டீசலே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். புகைக்குழாயில ஒரு பில்டர் இருக்கும். இன்ஜின் நல்லா சூடேறினாத்தான் அதுல சேர்ற கரி எரியும். பத்து நிமிஷம் ஓட்டி ஓட்டி நிறுத்தினா அடைச்சுக்கும். உனக்கு சனிக்கிழமை நெடும்பயணம் இருக்கு, அதனால தப்பிச்ச.

சின்ன இன்ஜினுக்கு உள்ள ஓடுறது ரப்பர் பெல்ட். குறிச்ச காலத்துல மாத்தணும், மறந்தா அறுந்து இன்ஜினையே உடைக்கும். பெரிசுக்கு இரும்புச் சங்கிலி, அது பாட்டுக்கு ஓடும். கட்டில், குட்டி எல்லாத்தையும் ஏத்திட்டு லாரியை முந்தணும்னாலும் பெரிசுதான் இழுக்கும். மீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள்ள இருந்தா கண்ணை மூடிட்டு எடு. ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேளு.

உன் ஸ்பேனர்

மார்ச் 13

டேய் ஸ்பேனரு,

எடுத்தாச்சு. பெரிய இன்ஜின், தொண்ணூத்திரண்டாயிரம்தான் ஓடியிருக்கு. விற்கிறவர் என்னென்னமோ சொன்னார். "என் தம்பி மெக்கானிக், அவன் சொன்னாச் சொன்னதுதான்"னு வாயை அடைச்சுட்டேன். கட்டில் உள்ள போய் இன்னொரு கட்டிலுக்கும் இடம் இருக்கு. குட்டி பின்னாடி படுத்து அளந்து பார்த்தா.

ஒரே குறை, டிரைவர் சீட்டைச் சாய்க்கிற லீவர் உடைஞ்சிருக்கு. யாரோ சுத்தியல் பிடியைச் செதுக்கி மாட்டியிருக்காங்க, கட்டைவிரல் வைக்க நடுவுல ஒரு பள்ளம். நம்ம வீட்டு அலமாரிக்கு நீ கைப்பிடி செஞ்சியே, அச்சு அசல் அதே மாதிரி. உன் ஞாபகமா இருக்கட்டும்னு மாத்தாம விட்டுட்டேன்.

காலையில ஸ்டார்ட் பண்றப்ப ஒரு கலகல சத்தம் வந்து அடங்குது. டீசல்னா அப்படித்தானே?

பெருமையோட,
அக்கா

மார்ச் 17

அக்கா,

அந்த வண்டியை எடுக்காத. வாசல்லயே நிக்கட்டும். குட்டியை அதுல ஏத்தவே ஏத்தாத.

அந்தப் பிடியைச் செதுக்கினது நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி பழைய முதலாளிகிட்ட வேலை பார்த்தப்ப அந்த வண்டி வந்துச்சு. அப்ப மீட்டர்ல ரெண்டு லட்சத்து எண்பதாயிரம். முதலாளி குறைக்கச் சொன்னார், நான் மீட்டரைப் பின்னாடி திருப்பினேன். இன்ஜின் சங்கிலி தளர்ந்து, எப்ப வேணா அறுந்துடும்ங்கிற நிலையில இருந்துச்சு. மாத்தணும்னு சொன்னேன், வேண்டாம்னார். கெட்டி ஆயிலை ஊத்தி அதோட சத்தத்தை அடக்கினேன். முகம் தெரியாத யாரோ வாங்கப் போறாங்கன்னு நினைச்சேன் அக்கா. நீ லெட்டர்ல எழுதின அந்தக் கலகல சத்தம் என் காதுக்குள்ளயே கேக்குது.

மூணு தடவை போனை எடுத்தேன். உன் குரலைக் கேட்டா என்னால சொல்ல முடியாதுன்னு வெச்சுட்டேன். நானே வந்து வேற இன்ஜின் போட்டுத் தர்றேன். மன்னிச்சுடு.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

உன் லெட்டர் நேத்து, சனிக்கிழமை சாயங்காலம் வந்துச்சு. நாங்க காலையிலயே கிளம்பிட்டோம்.

பாதி வழியில ஒரு லாரியை முந்தினேன். நீ சொன்ன மாதிரியே நல்லா இழுத்துச்சு. பாதி முந்துறப்ப உள்ள ஏதோ உடைஞ்ச சத்தம், இன்ஜின் செத்துப் போச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, பிரேக் மிதிச்சா இறங்கல. எதிர்ல பஸ். லாரிக்காரர் புண்ணியவான், மண்ணுல இறக்கி வழி விட்டார். எப்படி ஓரம் சேர்ந்தேன்னு இப்பவும் தெரியல. குட்டி கத்தக்கூட இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

இழுத்துட்டுப் போக வந்த மெக்கானிக் ஆயிலை விரல்ல தொட்டுப் பார்த்தார். "இது விவரம் தெரிஞ்சவன் பண்ணின வேலைம்மா"ன்னார். என் தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்னு அவர்கிட்ட சொன்னேன். வீட்டுக்கு வந்தா வாசல்ல உன் லெட்டர்.

மீட்டரைத் திருப்பினே, சங்கிலியை மறைச்சே. அப்ப அது யாரோ ஒருத்தருக்கு. தப்புதான், ஆனாலும் என்னைக்காவது மன்னிச்சிருப்பேன். ஆனா செவ்வாய்க்கிழமை லெட்டர் எழுதுறப்பவே அது நான் வாங்கின வண்டின்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. சனிக்கிழமை குட்டியைக் கூட்டிட்டுப் போவேன்னும் தெரியும். நடுவுல நாலு நாள். போனை மூணு தடவை எடுத்துட்டுக் கீழ வெச்சியே. லெட்டர் போடச் சொன்னது நான்தான்டா. இதையுமா லெட்டர்ல சொல்லுவ?

வேற இன்ஜின் வேண்டாம். உன் மாமாவுக்கு இன்னும் நான் எதுவும் சொல்லல. சொல்லணும்.

குட்டி ராத்திரி பூரா தூங்கல. காலையில ஒரே கேள்விதான். "ஸ்பேனர் மாமா பார்த்துச் சொன்ன வண்டிதானேம்மா, அப்புறம் ஏன் நின்னுச்சு?" நீ வா. வந்து அவ எதிர்ல உட்கார்ந்து, நீ எனக்கு எழுதின லெட்டர்ல இருக்கிறதை உன் வாயால அவகிட்ட சொல்லு. அதுக்கப்புறம் நான் உன்கிட்ட பேசுறதைப் பத்தி யோசிக்கிறேன்.

அக்கா