நீல வரிசை

ஆவணி 14, வெள்ளி
சோளகக் காத்து விடாமல் அடிக்குது. வீடெல்லாம் புழுதி. மோட்டர் பழுது, தண்ணி அள்ளித்தான் குளிப்பு. குழம்புக்கு உப்புக் கூடிப்போச்சு.

நீல வரிசை முடிஞ்சுது! கழுத்து முறியுது. மதுராவின்ரை கூறைத் தட்டத்துக்கு மேலை போடுற, நூலாலை முடியிற ரேந்தை. பெறாமகளுக்கு வேறை என்னத்தைக் குடுக்கிறது. ஆளுக்கொரு வரிசை. நடு மஞ்சள் என்ரை தங்கச்சி ராணி, மதுராவைப் பெத்த தாய். அதைச் சுத்தி நீலம், நான். கரைக்குச் சிவப்பு, பக்கத்து வீட்டு வசந்தி ரீச்சர், மதுராவுக்குப் படிப்பிச்சவ. மூண்டு பேரின்ரை கையும் அதிலை இருக்கவேணும் எண்டு கேட்டதே மதுராதான்.

ஒரு வளையத்திலை சின்ன நூல் காது அஞ்சு விடுறதுக்கு ஆறு விட்டிட்டன். முடிச்சு இறுகினாப் பிறகு பிரிக்கேலாது, வெட்டத்தான் வேணும். கிடக்கட்டும். ஆர் எண்ணப்போகினம்.

ஆவணி 15, சனி
புத்தூரிலையிருந்து ராணி வந்தாள். ரேந்தை வடிவாம். விரிச்சுக்கூடப் பாக்கேல்லை. தேத்தண்ணியைப் பாதியிலை வைச்சிட்டு எழும்பீட்டாள். கலியாணச் சோலி.

“ரீச்சரிட்டை நானே குடுக்கிறனடி, பக்கத்து வீடுதானே.”
“வேண்டாமக்கா. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒருக்காக் காட்டீட்டு நானே குடுக்கிறன்.”

சரி. அவளின்ரை சந்தோசம்.

ஆவணி 20, வியாழன்
மோட்டர் திருத்தியாச்சு. பின்னேரம் ரீச்சர் வீடு. சிவப்புப் பாதி முடிஞ்சுது, நல்ல வடிவு. என்ரை பிழையைக் காட்டிச் சிரிப்பம் எண்டு வளையத்தை எண்ணினன்.

அஞ்சு. மற்றது அஞ்சு. எல்லாம் அஞ்சு.

திருப்பியும் எண்ணினன். சுத்திச் சுத்தி எண்ணினன். பிழையைக் காணேல்லை! காதெல்லாம் பெரிசு பெரிசா வேறை. நான் விடுறது சின்னன். அதே நூல், அதே நீலம். ஆனா என்ரை கை இல்லை.

“என்ன, முகம் வெளுத்துப்போச்சு?” எண்டா ரீச்சர். தலைச்சுத்து எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். சோறு இறங்கேல்லை.

ஆவணி 21, வெள்ளி
காலமை பஸ்ஸிலை புத்தூர். ராணி குசினியிலை தேங்காய் துருவிக்கொண்டு நிண்டாள்.

“என்ரை வரிசையை வெட்டினது ஆர்?”

துருவுறதை நிப்பாட்டினாள். பொய் சொல்லுவாள் எண்டு பாத்தன். சொல்லேல்லை.

“நான்தான் அக்கா.”

தாலியும் கூறையும் வைக்கிற தட்டமாம். அத்தான் செத்தபிறகு நான் முடிஞ்ச வரிசை அதுக்கு மேலை கிடந்தால் சனம் என்ன சொல்லுமாம். உனக்குத் தெரியாமல் இருக்கவேணும் எண்டுதான் அதே நீலத்திலை போட்டனான் எண்டு அழுகிறாள். அதை நல்லது எண்டு வேறை நினைச்சிருக்கிறாள், கோதாரி!

“மாப்பிள்ளை வீட்டார் ஏதும் சொன்னவையோ?”
“இல்லை.”
“ஆரும் ஒரு சொல்லுச் சொன்னவையோ?”
“ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லிப்போடுவினமோ எண்டு…”

ஒருத்தரும் சொல்லேல்லை. இவரின்ரை செத்த வீட்டிலை என்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள் இவள். வருசம் திரும்பி ஆட்டத்திவசத்துக்கு, பொட்டை வை அக்கா எண்டு என்ரை நெத்தியிலை வைச்சுவிட்டவளும் இவள்தான். கத்திரிக்கோல் எடுத்ததும் இவள்தான்.

பஸ்ஸிலை ஆர் பக்கத்திலை இருந்தது எண்டும் தெரியேல்லை. குடையை ராணி வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்.

ஆவணி 22, சனி
ஒண்டும் செய்யேல்லை. நாய்க்குச் சோறு வைக்க மறந்துபோனன், பாவம். மதுரா ரெண்டு தரம் போன் எடுத்தாள். என்னத்தைக் கதைக்கிறது? எடுக்கேல்லை.

ஆவணி 23, ஞாயிறு
ராணி வந்தாள். பின் வாசல் படலையாலை. கையிலை ரேந்தை.

ரீச்சர் சிவப்பைக் கொழுவி இழுக்க நீலம் விட்டுப்போச்சு. அவசரத்திலை நூல் நுனியை ஒழுங்கா முடியேல்லை அவள். மூண்டு வளையம் தொங்குது. ரீச்சர் சொன்னாவாம்: “அக்காட்டையே குடும், அவவின்ரை வரிசைதானே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ராணி பயந்துபோனாள்.

“செய்து தா அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது.”

அந்தக் கடைசிச் சொல்லுத்தான் விசரைக் கிளப்பினது. இஞ்சை ஒளிச்சு வைச்சுச் செய்யமாட்டன் எண்டன். செவ்வாய்க்கிழமை உன்ரை வீட்டிலை கலியாணப் பலகாரச் சூடு. சனம் எல்லாம் வரும். முன் விறாந்தையிலை ஒரு கதிரை போடு, வந்து இருந்து செய்து தாறன். ஏலாதெண்டால் நீயே முடி.

ரேந்தையைச் சுத்தி எடுத்துக்கொண்டு போயிட்டாள். குடையையும் கொண்டுவரேல்லை.

ஆவணி 25, செவ்வாய்
காத்துக் கொஞ்சம் அடங்கியிருக்கு. பொட்டு வைச்சன். பச்சைச் சீலை.

ராணி வீடு நிறையப் பெண்டுகள். எண்ணெய் மணம். மாப்பிள்ளையின்ரை தாயும் வந்திருந்தா. முன் விறாந்தையிலை கதிரை எல்லாத்திலையும் ஆக்கள். ராணி என்ரை கையைப் பிடிச்சு, “வா அக்கா, உனக்கு எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறன்” எண்டு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சாமான் அறை. அரிசிச் சாக்குக்குப் பக்கத்திலை ஒரு கதிரை. யன்னல் சாத்தியிருக்கு. கதிரைக்கு மேலை ரேந்தை, மடிச்சபடி.

அவளைப் பாத்தன். நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள். அழுகை வரேல்லை எனக்கு.

ரேந்தையைத் தோளிலை போட்டன். கதிரையைத் தூக்கினன். “அக்கா, அக்கா” எண்டு பின்னாலை வந்தாள். கதவு நிலையிலை இடிபட்டது, விடேல்லை. குசினியைத் தாண்டி, எண்ணெய்ச் சட்டியளைத் தாண்டி, விறாந்தைக்கு நடுவிலை கொண்டுபோய் வைச்சு இருந்தன். கதை எல்லாம் நிண்டுபோச்சு. மதுரா மாப் பிசைஞ்ச கையோடை எழும்பி நிண்டாள்.

“ராணி, நீல நூலும் ஊசியும் கொண்டா” எண்டன். பெலத்துத்தான் சொன்னன்.

கொண்டுவந்தாள்.