புள்ளைட அறைக்கு அலை வேணாம்

மச்சான்,

நான் ராத்தாவோட கிளினிக்குக்குப் போறன். சோறும் பாரைமீன் ஆணமும் ஆக்கி மூடி வெச்சிருக்கன், சூடாக்கித் தின்னுங்க.

அசர் தொழுகைக்குப் பொறகு புள்ளைட அறைச் சுவருல படம் ஒட்ட ஆள் வரும். திருப்பி அனுப்பிடுங்க. அறையைப் பூட்டிட்டன், திறப்பைத் தேட வேணாம், வேணுமெண்டுதான் கொண்டு போறன்.

நேத்து நிறம் புடிக்கல்ல எண்டு உங்களோட சண்டை புடிச்சது பொய்ச் சாட்டு. உயிருள்ளதுகள்ட படத்தைச் சுவருல ஒட்டக் கூடாது எண்டு உம்மா சொன்னதால, யானை முயல் எல்லாத்தையும் உட்டுட்டு வெறும் கடலலையை எடுத்தீங்க. நல்ல மனசோடதான் எடுத்தீங்க. சவளக்கடை வயலுக்குள்ள வளர்ந்த உங்களுக்கு என்ன தெரியும். சுனாமி வந்த அண்டைக்கு எனக்கு எட்டு வயசு. இந்த வளவுலதான் தம்பிட தொட்டிலை ஆட்டிக்கொண்டு இருந்தன். கயிறு மட்டும்தான் கையில மிஞ்சிச்சு. அந்தப் படத்தைக் கண்டதிலிருந்து வயித்துக்குள்ள புள்ள அசைஞ்சாலும் ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்கொள்றன்.

வெறும் மஞ்சள் பெயின்ட் போதும்.

சிபானா

உம்மாக்கிட்ட இதைக் கதைக்க வேணாம்.

அலைக்கு உயிர் இல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன? அது எழும்பி ஊட்டுக்குள்ள நடந்து வந்ததை நான் கண்டன்.