ஆறுக்கு அடுத்த அடி

மாசி, திங்கள்

காலையில் பனி. மாத்திரை போட்டும் இடது கால் வாசற்படியில் ஒட்டிக்கொண்டது. நடுக்குவாதம் வந்ததிலிருந்து எந்தப் படியைப் பார்த்தாலும் இப்படித்தான். கொழுந்தன் நின்று பார்த்தான். என் வீட்டுக்காரர் போனபிறகு கொல்லை நிலத்துக்கு மோட்டார் போடுவது அவன்தான்.

"வாசலயே தாண்ட முடியல, கொல்லைய எப்டி அண்ணி பாப்பீங்க? எனுக்கு குத்தகைக்கு வுட்டுடுங்க."

நாளை புதுச்சேரி ஆஸ்பத்திரி. கால் நடக்கத் தலையில் கரண்டு வைப்பார்களாம்.

"பைத்தியத்துக்குத்தான கரண்டு வைப்பாங்க?" அதுவும் அவன்தான்.

அவர் போனதே கரண்டில். புரட்டாசியில், மோட்டார் கொட்டகையில், ஈரக் கையோடு.

செவ்வாய்

பஸ். மகள் செல்வி கூட. ஜன்னல் ஓரம் கிடைத்தது.

நடை பழக்கும் மேடம் சின்னப் பெண், மூக்குத்தி. பஞ்சை நனைத்துத் தலையில் வைத்துப் பட்டை கட்டினார். ஈரமும் கரண்டும். மேடம் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"லைன் கரண்டு இல்லம்மா, சின்ன பேட்டரி. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்."

கொஞ்சம் அரிப்பு, அவ்வளவுதான். பைத்தியம் பிடிக்கவில்லை. அப்படியே அடியை எண்ணிக்கொண்டு நடக்கச் சொன்னார். ஐந்து, ஆறு, எட்டு. தடுமாறினேன்.

"ஆறுக்கப்புறம் எட்டா? 7 எங்கம்மா போச்சு?"

செல்விக்குச் சிரிப்பு. "எங்க நைனா பேரு 7மலை மேடம். அம்மா வாயால சொல்லமாட்டாங்க."

கல்யாணமான நாளாய்ச் சொன்னதில்லை; எழுதுவதும் எண்ணாகத்தான். சந்தையில்கூட 'ஆறும் ஒண்ணும்' என்பேன்.

பங்குனி, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. போய்ப் போய் வந்ததில் அடி கொஞ்சம் நீளம். டாக்டர் சொன்னது: "இந்த வைத்தியம் எல்லாருக்கும் கேக்காதும்மா. உங்களுக்கு கேக்குது. மாத்திரையும் விடக்கூடாது, நடையும் விடக்கூடாது."

பஸ்ஸில் நானே ஏறினேன். "சீக்கிரம் ஆயா!" என்றான் கண்டக்டர். இதுவே எனக்கு எவ்வளவு சீக்கிரம், அவனுக்கு என்ன தெரியும்.

வாங்க: சோப்பு, வெங்காயம், பின்பக்கம் வார் வைத்த செருப்பு.

சனி

காலையிலேயே மோட்டார் ஓடும் த்ரீ பேஸ் கரண்டு வந்துவிட்டது. கொழுந்தன் வருமுன் நானும் செல்வியும் கொல்லைக்கு. மல்லாட்டைச் செடி, கடலை பிடிக்கும் நேரத்தில், வாடிக் கிடந்தது. வரப்பில் மெதுவாக, விழாமல்.

கொட்டகைப் படி. கால் ஒட்டிக்கொண்டது. அவர் விழுந்த இடம். ஒயர், பெட்டி எல்லாம் புதுசு, மருமகன் மாற்றியது. ஆனாலும்.

பின்னாலேயே கொழுந்தன். "நவுருங்க அண்ணி, நான் போடறன்."

"நீ சும்மா இரு."

சில அடி பின்னால் போய், ஒன்றிலிருந்து எண்ணி நடந்தேன். ஆறில் படி வந்துவிட்டது.

ஏழு!

கத்தியே விட்டேன். கால் உள்ளே.

"அய்யய்யோ, அண்ணன் பேர சொல்லிட்டீங்க!"

"எண்ணுனன் தம்பி."

கையை முந்தானையில் துடைத்தேன். காய்ந்ததா என்று பார்த்தேன். மறுபடி துடைத்தேன். பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

தொட்டியில் தண்ணீர் கொட்டியது. நாளைக்கும் நான்தான் போடுவேன்.