நாலாவது ஆள்

ஜனவரி 12

அன்புள்ள தவளைக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். உனக்குத் தோள்பட்டை வலி என்று உன் அம்மா என் அம்மாவிடம் சொல்ல, அம்மா எனக்கு எழுதிவிட்டாள். வெந்நீர் ஒத்தடம் கொடு. சும்மா கையைச் சுழற்றிப் பார்க்காதே.

நான் இந்த வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். குளம் கூரைக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் வருடம் முழுக்க ஒரே சூடு. வெளியே மழை பெய்தால்கூடத் தெரியாது. நம் குளத்தில் மழையில் நீந்தினால் முதுகில் யாரோ பொரி தூவுவது மாதிரி இருக்குமே, அதை இங்கே சொன்னால் யாருக்கும் புரியவில்லை. இங்குள்ள கோச் நல்லவர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவார். நம் கோச் மாதிரி, “ஏய் ஒட்டகம், நீந்துறியா, இல்ல தண்ணிக்குள்ள நடக்குறியா?” என்று கத்த ஆளில்லை.

இந்த வருடமாவது ஜூலை சர்வதேசப் போட்டிக்கு நம் பெண்கள் ரிலே அணியை அனுப்புவார்களா? இல்லை, போன இரண்டு தடவை போல, பயணத்துக்கு முந்தின வாரம் கைவிரிப்பார்களா?

உன்,
ஒட்டகம்

பிப்ரவரி 20

என் ஒட்டகமே,

நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். ரிலேக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

நீச்சல் சங்க அலுவலகத்துக்கு நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். நேற்று செயலாளர் என்னைப் பார்த்ததும், “மறுபடியும் வந்துட்டியாம்மா?” என்று தன் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாலு பேரு வேணுமே, எங்க இருக்கீங்க?” என்றார். “மூணு பேரு இங்க இருக்கோம் சார். நாலாவது ஆள் வெளிநாட்டுல இருக்கா. கூப்பிட்டா அடுத்த விமானத்துல வந்து குதிப்பா” என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

முதலில் மல்லாந்து நீந்துகிறவள், அடுத்து தவளை நீச்சலுக்கு நான், பிறகு பட்டாம்பூச்சி நீச்சலுக்கு நம் பட்டாம்பூச்சிக்காரி, கடைசியில் நீ. பள்ளிக்கூடத்து அணியில் இருந்த அதே வரிசை. அன்று போல நான் தொடுவதற்கு முன்னாலேயே பட்டாம்பூச்சிக்காரி குதித்துத் தொலைக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எப்போது கிளம்புகிறாய்?

உன்,
தவளை

மார்ச் 9

அன்புத் தவளைக்கு,

உடை மாற்றும் அறையில் ஈரக் கையோடு உன் கடிதத்தைப் பிரித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எப்படிச் சுற்றி வளைத்தாலும் விஷயம் ஒன்றுதான். உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரம், இந்த நாட்டு அணிக்காக நீந்த ஒப்புக்கொண்டுவிட்டேன். இரண்டு முறை தேர்வில் ஜெயித்துவிட்டு, பெட்டி கட்டிவைத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்தவள் நான். மூன்றாவது முறையும் அப்படி உட்கார எனக்குத் தெம்பில்லை. இவர்கள் கேட்டார்கள், சரி என்றேன்.

நேற்றுப் போய்க் கேட்டுப் பார்த்தேன். இனி மாற வேண்டுமானால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் என் காலம் முடிந்துவிடும்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஒட்டகம்

மே 2

தவளை,

திட்டக்கூட மாட்டாயா?

புதுத் தொப்பி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒருத்தி நின்றாள். என் தலைமுடியை அதற்குள் திணிக்க உன்னை மாதிரி இங்கே யாருக்கும் வரவில்லை. முட்டி போட்டு என் மண்டையை அமுக்கிக்கொண்டு, “இது தலையா, பூசணிக்காயா?” என்பாயே.

ஜூலையில் போட்டியில் பார்த்தால் ஒரு வார்த்தை பேசுவாயா?

ஒ.

ஜூலை 28

ஒட்டகத்துக்கு,

போட்டி முடிந்து ஊருக்கு வந்த பிறகும் இதை எழுத ஒரு வாரம் ஆனது.

உன் கண்ணில் படவே கூடாது என்றுதான் வந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் நீ தட்டோடு நின்றபோது, வேண்டுமென்றேதான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு என் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

ரிலேயில் உன் இடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தோம். ஒரே பயம் அவளுக்கு. எங்களுடையது கடைசி ஓரப் பாதை, உன் அணி நடுவில். நான் நீந்தி முடித்து மேலே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நீ குதித்தாய். எங்கள் சின்னவளும் தண்ணீரில்தான் இருந்தாள். ஆனால் நீ திரும்பி வரும்போது என் வாய் தானாகத் திறந்துகொண்டது. “இழு ஒட்டகம், இழுடி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பட்டாம்பூச்சிக்காரி என் கையைக் கிள்ளி, “யாருக்குடி கத்துற? நம்மாளு அந்தப் பக்கம்!” என்றாள்.

நீங்கள் மூன்றாவது. நாங்கள் எட்டாவது. மொத்தமே எட்டு அணிதான்.

உன் அணியினர் உன்னைத் தூக்கிவிடக் கை நீட்டினார்கள். நீ ஏறவில்லை. எங்கள் சின்னவள் வந்து தொட்டதும், கயிறுகளுக்கு அடியில் புகுந்து அவளிடம் போய் ஏதோ சொன்னாய். பேருந்தில் ஏறிய பிறகுதான் அவள் சொன்னாள்: “அழாத, நீ நல்லா நீந்துனேன்னாங்க அந்த அக்கா. அப்புறம், அந்தத் தவளை பயங்கர கோபக்காரி, ஆனா அவ பக்கத்துல நின்னா பயமே வராது, விட்டுடாதன்னாங்க.”

வண்டி கிளம்பியிருந்தது. இல்லாவிட்டால் இறங்கி ஓடி வந்திருப்பேன்.

கோபம் போகவில்லை. பாதிதான் போயிருக்கிறது. மீதியைக் கடிதத்தில் எழுதித் தீர்க்க முடியாது. விடுமுறை கிடைத்ததும் வந்து சேர். உன்னை நேரில் உட்காரவைத்துத் திட்ட வேண்டும்.

உன்,
தவளை