கோபுரத்து உச்சியில் அப்பா

மாபெரும் படைப்பாளியாகிய என் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. உனக்குத் தகவல் அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. ரொம்பப் பெரிய மனசு உனக்கு.

வீட்டை விட்டுப் போன இந்த நாலு வருடத்தில் நீ என்ன கிழித்தாய் என்பது போன வாரம்தான் தெரிந்தது. என் மகள் இணையத்திலிருந்து ஒரு விளையாட்டை இறக்கினாள். விநோதப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுவாயே, அந்தப் பழைய விளையாட்டேதான். யாரோ ஒரு ரசிகர் அதைப் பிரித்துப் போட்டு, ஊரையும் பிராணிகளையும் கதையையும் மாற்றி இலவசமாக விட்டிருக்கிறார். பார்த்ததுமே மகள் கத்தினாள், இது மாமா வரைஞ்ச பூனைம்மா என்று.

அடுத்தவன் கட்டின வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, வாசலில் தன் பெயரை மாட்டுகிற வேலை. இதற்கா நாலு வருடம்? நான் லேபில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊராருக்குப் பல் செட் செய்கிறேன். கடிக்கவாவது உதவுகிறது.

படுத்தே கிடக்கிறாரே என்று மகள் அதை அப்பா கையில் கொடுத்துவிட்டாள். முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், முதலில் முகம் சுளித்தார். இப்போது சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, இந்த நண்டு இப்பத்தான் வளருது" என்கிறார்.

நேற்று விளையாட்டின் கடைசிக் கோபுரம் ஏறினார். உச்சியில் ஒரு கிழவர். காக்கிச் சட்டை, காதில் பென்சில், இடது புருவத்தில் தழும்பு. பெயர் 'கிழட்டு ஸ்பேனர்'. எதிரே வருகிறவனைப் பார்த்து அவர் கேட்பது: "உன்னால ஒரு பல்பு மாட்ட முடியுமாடா?" நீ பெட்டி கட்டிய அன்று அப்பா கேட்டது, ஓர் எழுத்து பிசகாமல்.

எனக்கு வந்தது கோபம் இல்லை, அருவருப்பு. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை. பெற்ற தகப்பனைப் பொம்மையாக்கி ஊர்ப்பிள்ளைகளை விட்டு அடிக்க வைத்திருக்கிறாய். பிடுங்கப் பார்த்தேன். அப்பா விடவில்லை. பதினோரு முறை தன்னிடமே தோற்றார். பன்னிரண்டாவது முறை ஜெயித்தார்.

தோற்ற கிழவர் என்ன சொல்வதாக எழுதி வைத்தாய் என்று நினைவிருக்கிறதா? "நல்லா பண்ணியிருக்கடா. உட்காரு, சாப்ட்டுப் போ."

அப்பா அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். நான் எப்பம்மா இப்படிச் சொன்னேன் என்று கேட்டார். சொன்னதே இல்லை என்றேன். திரையை என் பக்கம் திருப்பி, இதை அவனுக்குச் சொல்லணும்னா எந்தப் பட்டனை அமுக்கணும் என்றார்.

அப்படி ஒரு பட்டன் வைக்க மாமேதைக்குத் தோன்றவில்லை. போன் போட்டுத் தரட்டுமா என்றேன். வேண்டாம், அவனுக்கு வேலை இருக்கும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் துப்பில்லை. இரண்டும் ஒரே அச்சு; நடுவில் நான் தபால்காரி.

வரும் ஞாயிறு அவரை மெல்லப் படியிறக்கிக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். இன்னொரு பக்கத்துக்கு ஆள் இல்லை.

எங்கிருந்தாலும் நன்றாக இரு, எருமை.

இப்படிக்கு,
அக்கா