நிற்கத் தெரிந்த மோட்டார்

லாஸ் பால்மாஸ் துறைமுகம்
3 செப்டம்பர் 1968

மிசாவோ,

கப்பலிலிருந்து சூரை மீன் இறக்குகிறோம். இரண்டு நாள் தரை. கால் இன்னும் ஆடுகிறது.

இன்று ஒன்று பார்த்தேன். நம் படகு அளவே ஒரு படகு. ஒரே ஆள். பின்பலகையைக் கவ்வியபடி ஒரு மோட்டார். கயிற்றைச் சுண்டி இழுத்தான், அவ்வளவுதான். எங்கள் கப்பலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டான். வாயிலிருந்த சிகரெட்கூட அணையவில்லை. நான் மீனைத் தூக்கிய கையோடு நின்றேன். பின்னால் இருந்தவர் திட்டினார்.

வாங்கிவிடுவோம். பதினைந்து குதிரைத் திறன். நாம் மீன் பிடிக்கும் வெளித்திட்டுக்குத் துடுப்புப் போட்டால் ஒன்றரை மணி நேரம். இதில் இருபது நிமிடம்!

ஒன்பது வருஷம் நான் முன்னால் தூண்டிலோடு, நீ பின்னால் துடுப்போடு. போதும். இனி நீ துடுப்பைத் தொட வேண்டாம். தீவுக்கு எதிர்க்கரையில் இவாகி மோட்டார் கடை வைத்திருக்கிறாரே, போய்ப் பார். நான் ஊர் வரும்போது அது தயாராக இருக்க வேண்டும்.

ஷிகெயோஷி

*

ஒகுஷிமா
29 செப்டம்பர்

தூரக் கடலில் இருப்பவருக்கு,

இங்கே நானும் படகும் சுகம். நீங்களும் உங்கள் ஆடும் காலும் சுகமா?

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை பக்கத்து வீட்டுக் கினுயோ அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "புருஷன் ஊர்ல இல்லாத நேரத்துல மோட்டாரோட குடித்தனமாடி?" என்றாள். சிரித்த சிரிப்பில், காயப்போட்டிருந்த கணவாய் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே அக்கரைக்குப் போனேன். கடையில் ஏழு மோட்டார்கள். ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுப் பார்த்தேன். புது பெயிண்ட் வாசனை கையில் இன்னும் இருக்கிறது.

"எவ்வளவு வேகம் வேணும், சொல்லுங்கம்மா" என்றார் இவாகி.

"எவ்வளவு மெதுவாப் போகும்?"

"மெதுவாவா?"

"ஆமா. போகவே கூடாது. நிக்கணும்."

"நிக்கறதுக்கு எதுக்கும்மா மோட்டாரு? நங்கூரம் போதுமே."

"பானைவாய்ப் பாறைங்க நடுவுல அடிக்கிற நீரோட்டத்துல நங்கூரத்தப் போட்டுட்டு ஒரே ஒரு விளைமீன் பிடிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

அவர் தலையைச் சொறிந்தார். இத்தனை நாளில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லையாம். ஆனால் மனுஷர் நல்லவர். "ஓட்டிப் பாருங்க, தர்றேன்" என்றார்.

ஒரு சந்தேகம். பதினைந்து வாங்கினால் பின்னால் என் இடத்தில் அது உட்காரும்; நான் எங்கே உட்காருவேன்?

மிசாவோ

*

கேப் டவுன்
2 டிசம்பர்

மிசாவோ,

உன் கடிதம் இங்கே எனக்காகக் காத்திருந்தது. கினுயோ அக்கா கணவாய் மேல் உட்கார்ந்ததைக் கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நீ எங்கும் உட்கார வேண்டாம். வீட்டில் இரு. அதற்குத்தான் மோட்டார்.

இதை நேரில் சொல்ல வரவில்லை. எழுதினால் வருகிறது. போன மார்ச்சில் நீ துடுப்பிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாய். வெறும் கையோடு திரும்பி வந்தாய். குழந்தைக்கு வாங்கிய துணிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தது நான்தான். அந்தத் துடுப்பில் உன்னை மறுபடி பார்க்க என்னால் ஆகாது. இந்தக் கப்பலில் ஏறியதே அதற்காகத்தான்.

பதினைந்து. இவாகியிடம் சொல்லிவிடு. கப்பலில் எல்லோருக்கும் தெரியும். சமையல்கார ஹிசாயே இப்போது என்னைப் 'பதினைஞ்சு குதிர' என்றுதான் கூப்பிடுகிறார்.

ஷிகெயோஷி

*

ஒகுஷிமா
20 ஜனவரி 1969

அன்புள்ளவருக்கு,

முதலில் மோட்டார். மற்றது பிறகு.

பதினைந்தை ஓட்டிப் பார்த்தேன். அப்பா, என்ன வேகம்! முக்காடு பறந்து கடலில் விழுந்தது. திரும்பி எடுப்பதற்குள் அது எங்கோ, நான் எங்கோ. கத்திக்கொண்டே போனேன். பயத்தில் இல்லை.

பிறகு பானைவாய்க்குள் கொண்டுபோனேன். அங்கே அது நிற்கவில்லை. எவ்வளவு குறைத்தாலும் ஓட்டத்தை மீறி முன்னால் நழுவுகிறது. தூண்டில் கயிறு பின்னால் சாய்கிறது. கியரை விட்டால் ஓட்டம் நம்மை அள்ளிக்கொண்டு போகிறது. போட்டேன், விட்டேன், போட்டேன். கால் மணி நேரத்தில் பிளக் கரி பிடித்துக் கறுத்து மோட்டார் செத்தது. பாறைக்கு முப்பதடி. துடுப்புப் போட்டுத்தான் தப்பினேன்.

உங்களுக்கு ஒன்று தெரியாது என்று அப்போது புரிந்தது. ஒன்பது வருஷம் நீங்கள் கயிற்றைப் பார்த்தீர்கள். கயிறு நட்டுக்குத்தாக நின்றது. அது கடலின் குணம் என்று நினைத்திருப்பீர்கள். நான் பார்த்தது உங்கள் முதுகையும், கரையில் கோயில் வாசலும் ஒற்றைப் பைன் மரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதையும். கோடு பிசகினால் ஒரு தள்ளு. மறுபடி ஒரு தள்ளு. கயிறு நின்றது அதனால்தான்.

நீங்கள் போவதற்கு மோட்டார் தேடுகிறீர்கள். நான் நிற்பதற்கு.

மூன்று நாள் கழித்து, ஐந்து குதிரைத் திறன். ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டிவிட்டேன்! கைப்பிடியை நகக்கண் அளவு திருப்பினால், சோறு கொதிக்கிற சத்தம். வாசலும் மரமும் கோடு பிசகவில்லை. பத்து நிமிடம். இருபது. பிளக் கறுக்கவில்லை. நான் பலகையில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை. பிறகு கைப்பிடியை இடுப்பால் அணைத்துக்கொண்டு, உங்கள் தூண்டிலை எடுத்துப் போட்டேன்.

சிவப்பு விளைமீன். முழங்கை நீளம். அது கடித்ததும் தோள் வரைக்கும் ஓடியதே, அதை ஏன் நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை?

ஐந்தை வாங்கிவிட்டேன்.

இப்போது மற்றது. துடுப்பு காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். குழந்தையின் நாடி அதற்கு முன்பே நின்றுபோயிருந்ததாம். நீங்கள் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களிடம் சொன்னதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். சொல்லவில்லையா?

மிசாவோ

*

கேப் டவுன்
16 பிப்ரவரி

மிசாவோ,

பதினைந்து என்று எழுதினேன். இரண்டு முறை எழுதினேன்.

ஐந்தை வைத்துக்கொண்டு வெளித்திட்டுக்கு எப்போது போய்ச் சேருவது? ஹிசாயே சொல்கிறார்: "என்னப்பா, ஒன் பொண்டாட்டி ஒரே கடுதாசில பத்துக் குதிரைய அவுத்து விட்டுட்டாளே!" சாப்பாட்டு மேசையில் இருபத்து மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு போய்ப் படுத்துக்கொண்டேன்.

பாறைக்கு முப்பதடி என்பதை இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாய்.

நாளை ஊர் நோக்கிப் புறப்படுகிறோம். மிசாகி துறைமுகம், ஏப்ரல் தொடக்கம். அடுத்த பயணத்துக்கு இப்போதே பெயர் கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை நீ என்னிடம் சொல்லவில்லை.

ஷிகெயோஷி

*

ஒகுஷிமா
9 மார்ச்

அன்புள்ளவருக்கு,

இது மிசாகியில் உங்கள் கம்பெனி விலாசத்துக்குப் போகிறது. பெயர் கொடுப்பதற்கு முன் படித்துவிட வேண்டும்.

சொல்லாதது என் தப்பு. ஒரு வருஷம் நீங்கள் அதைச் சுமந்துகொண்டு பாதி உலகம் போயிருக்கிறீர்கள்.

மோட்டாருக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நேற்று விடிந்து இரண்டு மணி நேரத்தில் ஏழு விளைமீன். சந்தையில் ஏலக்காரர், "யார் படகு?" என்று கேட்டார். கினுயோ அக்கா எனக்கு முன்னால் பாய்ந்து, "இவ படகுதான், ஏன், பொம்பள பிடிச்சா மீன் கசக்குமா?" என்றாள். அக்காவைப் போன வாரம் கூட்டிக்கொண்டு போனேன். படகில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாயை மூடவில்லை. ஒரு மீன்கூடக் கிட்டே வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் கேட்கிறேன்.

தனியாக ஒரு கையால் நிறுத்தி, ஒரு கையால் பிடிப்பது முடிகிறது. இரண்டு பேர் இருந்தால் இன்னும் நன்றாக முடியும். ஒருவர் நிறுத்த, ஒருவர் பிடிக்க. தூண்டில் எனக்குப் பிடித்துவிட்டது. திருப்பித் தர மனம் வரவில்லை. நீங்கள் பின்னால் உட்காருவீர்களா?

முடியாது என்றால், அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுங்கள். நான் கோபப்பட மாட்டேன். கருவாடு, துணி, எல்லாம் அனுப்பிவைப்பேன். ஆனால் வீட்டில் உட்காரச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள்.

மிசாவோ

*

மிசாகி துறைமுகம்
7 ஏப்ரல்

மிசாவோ,

கப்பலைக் கரையில் கட்டியதும் கடிதத்தைக் கொடுத்தார்கள். கப்பல் ஓரத்திலேயே நின்று படித்தேன்.

இந்தக் கப்பலில் கயிறு எத்தனையோ மைல். இழுப்பது எந்திரம். இந்த ஒரு வருஷத்தில் ஒரு மீன் கடித்ததுகூட என் கைக்குத் தெரியவில்லை. தோள் வரைக்கும் ஓடியது என்று நீ எழுதியதைப் படித்தபோது பொறாமைப்பட்டேன். பிப்ரவரியில் கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் எழுதியது அந்தப் பொறாமையைத்தான்.

ஹிசாயேவிடம் சொன்னேன். "பின்னாடி உக்காரப் போறியா? நீ?" என்றார். அகப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "ஏன்யா, ஒங்க தீவுல எனக்கும் ஒரு எடம் கெடைக்குமா?" என்றார்.

பெயர் கொடுக்கவில்லை.

பதினாலாம் தேதி மதியம் ரயிலில் அக்கரைத் துறைமுகம் வருகிறேன். தீவுக்குப் போகும் மாலைக் கப்பலில் ஏற மாட்டேன். மீன்சந்தைப் படிக்கட்டில் நிற்பேன். படகைக் கொண்டு வா. ஒரே ஒரு பெட்டிதான்.

திரும்பும்போது பானைவாய் வழியாகப் போவோம். அங்கே நான் நிறுத்திப் பார்க்கிறேன். முதல் நாள் பாறைக்கு எவ்வளவு கிட்டப் போவேனோ தெரியாது, நீ கத்தலாம்.

பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும் என்று உடனே பதில் எழுது. இல்லை, எழுதாதே. கடிதம் வருவதற்குள் நான் வந்துவிடுவேன்.

ஷிகெயோஷி